எந்த நோய்க்காக இந்தச் சோதனை?

பினாங்கில் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தில் என் பெரியம்மா மகளிடம் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அன்று காலைதான் அவருக்குக் கருமுட்டைகளை எடுத்திருந்தார்கள். மயக்க மருந்தின் அசதி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. நான்கு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். கருக்களுக்கு மரபணுச் சோதனை வேண்டுமா என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். "எடுத்துக்கிட்டா நல்லதுக்கா, நிக்கிற சான்ஸ் கூடும்," என்றார் தாதி. அக்காவுக்கு அப்போது 38 வயது. கல்யாணமாகிப் பதினோரு ஆண்டுகள். "ஏதாவது விசேஷமா?" என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்று உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்தியிருந்தவர். வாய்ப்பு கூடும் என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? கையெழுத்துப் போட்டார்.

சோதனைக் குழாய் முறையில் உருவாக்கியவற்றில் மூன்று கருக்கள் ஐந்தாம் நாளை எட்டின. மூன்றிலிருந்தும் சில உயிரணுக்களை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டரை வாரம் கழித்து அறிக்கை வந்தது. இரண்டு கருக்கள் கோளாறு, ஒன்று கலவை. கலவை என்று வந்ததையும் கருப்பையில் வைப்பது அந்த மையத்தின் வழக்கம் இல்லை. ஊசி போட்ட வலி, சேமநிதியிலிருந்து எடுத்த பணம், வேலையிடத்தில் கெஞ்சி வாங்கிய விடுப்பு எல்லாம் போய், கருப்பையில் ஒரு கருவையும் வைத்துப் பார்க்காமலேயே அந்தச் சுற்று முடிந்துவிட்டது.

எங்களுக்குத் தெரிந்தவரை அவர் குடும்பத்தில் பரம்பரை நோய் எதுவும் இல்லை. எந்த நோயைத் தேடி இந்தச் சோதனையைச் செய்தார்கள் என்று பிறகு கேட்டேன். அக்காவுக்கும் தெரியவில்லை, அத்தானுக்கும் தெரியவில்லை.

இந்தச் சோதனையே வீண் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளையைப் புதைத்த கையோடு அடுத்த பிள்ளைக்கும் அதே நோய் வருமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த குடும்பங்களை இது மீட்டிருக்கிறது. ஆனால் கருவின் மரபணுச் சோதனை என்ற ஒரே பெயருக்குள் முற்றிலும் வெவ்வேறான இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவை எந்தெந்தக் குடும்பத்துக்கு ஆகும் என்பதை, கையெழுத்துப் போடும் முன்பே நமக்குப் புரிகிற மொழியில் யாராவது பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் வேலைதான் மூத்தது. சோதனைக் குழாய் முறையில் உலகின் முதல் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25 அன்று. அதற்கும் பத்து ஆண்டுகள் முன்பே, அந்தக் குழந்தை பிறக்கக் காரணமான ராபர்ட் எட்வர்ட்ஸ், ரிச்சர்ட் கார்ட்னருடன் சேர்ந்து முயல் கருக்களிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து அவை ஆணா பெண்ணா என்று பார்த்திருந்தார். மனிதக் கருவில் இது கைகூடியது 1990இல். லண்டனில் ஆலன் ஹேண்டிசைட் குழுவினரிடம் வந்த தம்பதியர், ஆண் பிள்ளைகளை மட்டும் தாக்கும் கொடிய பரம்பரை நோய்கள் உள்ள குடும்பத்தினர். ஆண் கருக்களைத் தவிர்த்துப் பெண் கருக்களை மட்டும் வைத்தார்கள். இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. நோய் எது என்று தெரியும், அது எந்த வழியில் வருகிறது என்றும் தெரியும். அந்த ஒன்று கருவில் இருக்கிறதா என்று மட்டும் தேடினார்கள். இன்று மருத்துவர்கள் 'பிஜிடி-எம்' என்று சொல்வது இந்த வழியில் வந்ததுதான்.

அக்காவுக்குச் செய்தது 'பிஜிடி-ஏ'. இது எந்தக் குறிப்பிட்ட நோயையும் தேடுவதில்லை. மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கிறது, அவ்வளவுதான். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக இருக்க வேண்டும். 21ஆவது மட்டும் மூன்றாக இருந்தால் டவுன் சின்ட்ரோம். வேறு பல குரோமோசோம்கள் கூடினாலோ குறைந்தாலோ கரு ஒட்டாது, அல்லது ஒட்டிய சில வாரங்களில் கலைந்துவிடும்.

வயது இங்கே ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் வயதுக்கு வந்த பிறகு உண்டாகிறவை இல்லை. அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பாதி வேலையில் நின்று, பல ஆண்டுகள் காத்திருக்கின்றன. அக்காவின் 38 வயதுக் கருமுட்டை, பெரியம்மா அவரைச் சுமந்த நாள் முதல் காத்திருந்தது. இணையாக நிற்கும் குரோமோசோம்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு அத்தனை காலத்தில் தளர்ந்துபோகிறது. கடைசி நேரத்தில் பிரியும்போது எண்ணிக்கை பிசகுகிறது. 35 வயதையொட்டிச் சோதிக்கப்படும் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் இப்படிப் பிசகு தெரிகிறது. 42, 43 வயதில் நான்கில் மூன்றில். இது யாருடைய பாவத்தாலும் வருவதில்லை. மாமியார் வீட்டில் யாராவது வாய் திறந்தால் இதை அவர்களுக்கும் சொல்லலாம்.

அப்படியென்றால் பிசகியதை ஒதுக்கிவிட்டு நல்லதை மட்டும் வைத்தால் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு கூடத்தானே வேண்டும்? கேட்டால் சரியாகத்தான் படுகிறது. மருத்துவ உலகமும் அப்படித்தான் நம்பியது. ஆனால் செய்து பார்த்தபோது வேறு மாதிரி வந்தது.

2007இல் நெதர்லாந்தில் 35 முதல் 41 வயது வரையிலான 408 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். அன்றைய பழைய முறையில் கருவைச் சோதித்த குழுவில் குழந்தை பெற்றவர்கள் 24 விழுக்காடு. சோதிக்காத குழுவில் 35 விழுக்காடு. மூன்றாம் நாளில், எட்டே உயிரணு உள்ள கருவிலிருந்து ஒன்றைப் பிடுங்கியது கருவுக்கே கேடாகியிருக்கலாம் என்றார்கள், முறையை மாற்றினார்கள். இப்போது ஐந்தாம் நாள் வரை பொறுத்து, நூறு உயிரணுக்களுக்கு மேல் வளர்ந்த நிலையில், வெளிப்பக்கத்திலிருந்து ஐந்து முதல் பத்து உயிரணுக்களை லேசரின் உதவியால் எடுக்கிறார்கள். கருவை மைனஸ் 196 பாகை திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார்கள்.

இந்தப் புதிய முறையையும் சோதித்துப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் 661 பெண்கள். கர்ப்பம் நிலைத்தவர்கள் சோதித்த குழுவில் 50 விழுக்காடு, சோதிக்காத குழுவில் 46. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே கணக்கு. 35 வயதைத் தாண்டியவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் பலன் தெரிந்தது, ஆனால் அது பின்னர் பிரித்துப் பார்த்த கணக்கு, அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. 2021இல் சீனாவில் 37 வயது வரையிலான, குறைந்தது மூன்று நல்ல கருக்கள் கையில் இருந்த 1,212 பெண்களிடம் செய்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. மூன்று முறை வரை கருவை வைத்துப் பார்த்ததில், சோதித்த குழுவில் 77.2 விழுக்காட்டினர் குழந்தை பெற்றார்கள். சோதிக்காதவர்களில் 81.8. கருக்கலைவு மட்டும் சோதித்தவர்களிடம் குறைவாக இருந்தது.

காரணம் நம் வீட்டு முறத்திலேயே இருக்கிறது. அரிசியைப் புடைத்தால் கல்லும் உமியும் போகும், அரிசி கூடாது. இந்தச் சோதனை எந்தக் கருவையும் நல்லதாக்குவதில்லை. கையில் இருக்கும் கருக்களில் எதை முதலில் வைப்பது என்று வரிசைப்படுத்தித் தருகிறது. எட்டுக் கரு வைத்திருப்பவருக்கு அந்த வரிசையால் காலமும் மனமும் மிச்சமாகும். இரண்டோ மூன்றோ வைத்திருப்பவருக்கு, புடைக்கிற வேகத்தில் நல்ல மணியும் வெளியே சிந்திவிடும் அபாயம் இருக்கிறது.

நல்லது எப்படிச் சிந்தும்? எடுக்கிற உயிரணுக்கள் பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரும் வெளிச்சுவரைச் சேர்ந்தவை. பிள்ளையாக வளரப்போகும் உள்கூட்டத்தை யாரும் தொடுவதில்லை, தொடவும் கூடாது. சுவரில் ஒரு செங்கல்லைத் தட்டிப் பார்த்து வீட்டுக்குள் இருப்பவர் நலமா என்று சொல்வது போன்ற நிலை. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும், எப்போதும் இல்லை. சில கருக்களில் சரியான உயிரணுக்களும் பிசகியவையும் கலந்தே இருக்கும். அக்காவின் அறிக்கையில் 'கலவை' என்று வந்தது அதுதான். 2015இல் இத்தாலியிலிருந்து வந்த ஓர் அறிக்கை இந்தத் துறையையே உலுக்கியது. வேறு நல்ல கரு இல்லாத 18 பெண்களுக்குக் கலவைக் கருக்களை வைத்தார்கள். ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. அதன் பிறகு பல நாடுகளில் கலவைக் கருவை எறியாமல், தம்பதியரிடம் நிலைமையை விளக்கிவிட்டு வைக்கிறார்கள். அக்காவிடம் யாரும் விளக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத இடம் இது.

அதற்காகப் பிஜிடி-ஏ யாருக்குமே வேண்டாம் என்று ஆகிவிடாது. திரும்பத் திரும்பக் கரு கலைந்து உடைந்துபோயிருக்கும் பெண்ணுக்கு, இன்னொரு கலைவைத் தாங்க முடியாது என்பதே போதுமான காரணம். வயது ஏறி, ஆனால் கருக்கள் நிறையக் கிடைத்திருந்தால் காலத்தை மிச்சப்படுத்தலாம். டவுன் சின்ட்ரோம் ஒன்றுதான் பயம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. கர்ப்பம் பத்து வாரம் ஆனதும் தாயின் கையிலிருந்து இரத்தம் எடுத்தே அதற்கான வாய்ப்பை நன்றாகக் கணிக்க முடியும். சந்தேகம் வந்தால் பனிக்குட நீரைச் சோதித்து உறுதி செய்யலாம். இதைப் பினாங்கின் தனியார் மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள்.

இனி அந்த மூத்த வேலைக்கு வருகிறேன். நம்மவர்களில் பலருக்கு உண்மையிலேயே தேவைப்படுவதும், பலர் கேள்விப்படாததும் இதுதான்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் அதன் பழுதுபட்ட மரபணுவைச் சுமப்பவர் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. மலாய்க்காரர், சீனர், சபாவின் கடசான்டுசுன் மக்களிடம் கூடுதல். நம்மிடம் குறைவு, ஆனாலும் இருக்கிறது. சுமப்பவருக்கு நோய் இல்லை. கொஞ்சம் சோகை தெரியும். இரும்புச் சத்து மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியும் ஏறாத சோகை. சுமக்கும் இருவர் கணவன் மனைவியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் கடும் நோயுள்ள பிள்ளை பிறக்கும். பீட்டா தலசீமியா என்ற வகை கடுமையாக உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுவதும். ஏற்றுகிற இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துவிடாமல் அதை வெளியேற்றும் மருந்து தனி. இரவெல்லாம் வயிற்றில் ஊசியோடு தூங்கிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்போது மாத்திரைகளும் வந்துவிட்டன.

இங்கேதான் பிஜிடி-எம் தன் முழு வலிமையைக் காட்டுகிறது. கணவன், மனைவி, முடிந்தால் அவர்கள் பெற்றோர் அல்லது நோயுள்ள மூத்த பிள்ளை ஆகியோரின் இரத்தத்தை முதலில் வாங்கி, பழுது எந்த இடத்தில் என்றும், அதைச் சுற்றியுள்ள மரபணு அடையாளங்கள் யாரிடமிருந்து யாருக்கு வந்தன என்றும் வரைகிறார்கள். இதற்கே பல வாரம் ஆகும். சிகிச்சை தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கருவிலும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்க்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு கருக்கள் நோயுள்ளவை, பாதி சுமப்பவை, நான்கில் ஒரு பங்கு பழுதே இல்லாதவை என்பது சராசரி. சுமக்கும் கருவை ஒதுக்கத் தேவையில்லை. அது அப்பா அம்மாவைப் போலவே நலமாக வாழும். சில உயிரணுக்களின் இம்மியளவு மரபணுவைப் பெருக்கிப் படிக்கும்போது அரிதாகத் தவறு வரலாம் என்பதால், கர்ப்பம் ஆன பிறகும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளச் சொல்வார்கள்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு, 1989 திருத்தத்துக்குப் பிறகு, தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து இருந்தால்தான் கருவைக் கலைக்க அனுமதிக்கிறது. சிசுவின் நோய் ஒரு தனிக் காரணமாக அதில் எழுதப்படவில்லை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வயிற்றில் நான்கு மாதம் சுமந்த பிறகு எடுக்கிற முடிவுக்கும், கண்ணாடித் தட்டில் ஐந்து நாள் வளர்ந்த கருவைப் பற்றிய முடிவுக்கும் ஒரு தாயின் மனத்தில் உள்ள தூரத்தை அனுபவித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சொந்தத்துக்குள் கல்யாணம் செய்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அத்தை மகன், மாமன் மகள் உறவு நம்மிடம் இன்னும் இருக்கிறது. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும் முற்றாக நின்றுவிடவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டச் சீர்திருத்தச் சட்டம், நெருங்கிய உறவில் மணம் முடிப்பதைத் தடுக்கும் அதே 11ஆவது பிரிவில், இந்துக்கள் மட்டும் தங்கள் வழக்கப்படி அக்காள், தங்கை மகளையோ தாய்மாமனையோ மணக்கலாம் என்று விலக்கு வைத்திருக்கிறது. அரிய நோயின் பழுது எல்லாரிடமும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். அந்நியரைக் கட்டினால் அதே பழுது அவரிடமும் இருப்பது அபூர்வம். ஒரே தாத்தா பாட்டியின் பேரன் பேத்தி கட்டிக்கொண்டால் அந்த அபூர்வம் குறைகிறது. தாய்மாமன் மணத்தில் இன்னும் குறைகிறது. எந்தப் பிள்ளைக்கும் பிறவிக் குறை வர நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் மணத்தில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. சொந்தத்தில் கட்டியவர்கள் அஞ்சி ஓட வேண்டியதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் கருத்தரிப்பு மையத்தில் முதல் நாளே "நாங்க சொந்தம்" என்று சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைத்தால் எதைத் தேடுவது என்று மருத்துவருக்குத் தெரியாமலே போய்விடும்.

ஆணா பெண்ணா என்பதையும் இதே சோதனை காட்டிவிடும் என்பதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மூணும் பொண்ணாப் போச்சு, ஒரு ஆம்பளப் பிள்ள' என்று கேட்டு வருகிறவர்கள் நம்மிலும் உண்டு. மலேசியாவில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கென்று தனிச் சட்டம் இல்லை. மருத்துவர்களைக் கட்டுப்படுத்துவது மலேசிய மருத்துவ மன்றம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டி. கணவன் மனைவிக்கு மட்டுமே சிகிச்சை என்று சொல்லும் அந்த வழிகாட்டி, விருப்பத்துக்காக ஆண், பெண் தேர்வு செய்வதையும் தடுக்கிறது. டுஷேன் தசைச்சிதைவு போல ஆண் பிள்ளைகளைத் தாக்கும் நோய் இருந்தால் மட்டும் விலக்கு. வழிகாட்டி சட்டம் ஆகாது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. என்னைப் பொறுத்தவரை, பெண் என்ற ஒரே காரணத்துக்காக நல்ல கருவை ஒதுக்காமல் இருப்பதற்கு எந்த வழிகாட்டியும் தேவைப்படக் கூடாது.

பிள்ளைக்கு நாளை சர்க்கரை நோய் வருமா, அறிவு எப்படி இருக்கும் என்று கருவிலேயே மதிப்பெண் போடும் சோதனைகளை அமெரிக்க நிறுவனங்கள் விற்கத் தொடங்கியிருக்கின்றன. நூற்றுக்கணக்கான மரபணுக்களோடு சாப்பாடும் வளர்ப்பும் சேர்ந்து தீர்மானிப்பதை இரண்டு மூன்று கருக்களுக்கு இடையே வரிசைப்படுத்த முடியாது. ஐரோப்பிய மனித மரபியல் சங்கம் 2021இல் இதை நிரூபிக்கப்படாத, நெறியற்ற நடைமுறை என்று சொன்னது. யாராவது காட்டினால் கடந்து போய்விடுங்கள்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோதனைக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் கருவுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். சிகிச்சைச் செலவு வேறு. ஊழியர் சேமநிதியின் 'செஜாதெரா' கணக்கிலிருந்து (முன்பு இரண்டாம் கணக்கு) கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி உண்டு. வருமான வரியிலும் கழிவு உண்டு. ஆனால் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியது அதைவிட மலிவானது. தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனையை அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே எடுத்துக்கொள்ளலாம். 2016இல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இதைச் செய்யத் தொடங்கினார்கள். உங்கள் தம்பி தங்கைக்கு வந்த முடிவு வீட்டில் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கலாம். குடும்பத்தில் நோய் இருப்பது உறுதியானால், கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் மரபியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பினாங்கிலிருந்து ஒரு நாள் பயணம்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. அக்காவின் அறிக்கை வந்த பிறகு நானும் அவரும் நிபோங் திபாலில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போனோம். மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை என்று கோடு போட்டேன். இறந்த பிள்ளைகளைப் பாட்டி கணக்கில் சேர்க்கவே இல்லை, கேட்டபிறகுதான் சொன்னார். தோட்டத்தில் இருந்த காலத்தில் தன் நாத்தனாருக்கு இரண்டு பிள்ளைகள் தவறியதாம். ஒன்று காய்ச்சலில். இன்னொன்றைப் பற்றிக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வெளிறிப் போயி, வயிறு மட்டும் பெருசா இருக்கும். மாந்தம்னு மந்திரிச்சோம். நாலு வயசு கூட நிக்கல."

அந்த நாத்தனாரின் பேரனுக்குத்தான் இந்த ஆண்டு தைப்பூசம் முடிந்து நிச்சயம் செய்திருந்தார்கள், தன் சொந்த மாமன் மகளை. தாளில் அந்த இரண்டு பெயர்களையும் வட்டம் போட்டு, அன்று இரவே அவனுக்கு அழைத்தேன். இருவரும் அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போய்த் தலசீமியா சோதனைக்கு இரத்தம் கொடுத்தார்கள்.